ஏற்காட்டு ஓடையா, ஊர் ஆறா? அறிவியல் வகுப்பை எந்தக் கரையில் நடத்துவது?

கேள்வி: அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியை, சேலம்

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாநகரின் தெற்கு விளிம்பில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். பள்ளியின் பின்வாசலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் திருமணிமுத்தாற்றின் பாலம் வந்துவிடும். ஆற்றைக் களமாகக் கொண்டு ஓராண்டு முழுவதும் அறிவியல் பாடம் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். ஆனால் அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்க்கும்போதெல்லாம் மனம் பின்வாங்கிவிடுகிறது. சில நாட்களில் நீர் கறுப்பாகவும் சில நாட்களில் சாயம் கலந்த நிறத்திலும் ஓடுகிறது, ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, நாற்றமும் உண்டு.

இதனால் சென்ற தை மாதம் மாணவர் நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கு ஓர் ஓடைக்கரையில் அரைநாள் வகுப்பு நடத்தினேன். பிள்ளைகள் மகிழ்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து ஓடையைப் பற்றி எழுதச் சொன்னபோது, பெரும்பாலானவர்களின் தாள்களில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் குரங்குகளும் படகுத்துறையும்தான் இருந்தன. அரைநாளில் நான் சொன்னவை எல்லாம் சுற்றுலாவுக்குள் கரைந்து போயிருந்தன. ஒரே ஒரு மாணவி மட்டும் திரும்பி வரும் வழியில் என் அருகில் வந்து, "டீச்சர், நம்ம ஆறும் இந்த மலையிலிருந்துதானே வருது? அப்புறம் ஏன் டீச்சர் அது மட்டும் அப்படி இருக்கு?" என்று கேட்டாள். சாக்கடை கலக்கிறது என்று சொல்லி அப்போது அவளை அனுப்பிவிட்டேன். அது போதிய விடை இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது.

இந்த ஆண்டு பேருந்துக்கான பணம் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் இருக்கிறது. அதை மீண்டும் ஏற்காட்டுக்குச் செலவிடுவதா, அல்லது மாசடைந்ததே ஆனாலும் அருகிலுள்ள ஆற்றுக்கே அடிக்கடி அழைத்துச் செல்வதா என்று முடிவெடுக்க முடியவில்லை. இத்தகைய ஆற்றின் அருகே குழந்தைகளை அழைத்துச் செல்வது முறைதானா? விலை உயர்ந்த கருவிகள் இல்லாமல் உண்மையான அளவீடுகள் எவற்றையெல்லாம் செய்யலாம்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1: ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்த மாணவி கேட்ட கேள்வியையே ஆண்டு முழுவதற்குமான ஆய்வுக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடா ஊர் ஆறா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லை. அவள் கேட்டது இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பற்றி. எனவே இரண்டையும் ஒரே வகையான அளவீடுகளால் ஒப்பிட்டால்தான் அவளுக்கு விடை கிடைக்கும். ஊர் ஆற்றுக்கு மாதம் ஒருமுறை நடந்து செல்லுங்கள்; மலைக்குப் பேருந்தில் ஒருமுறை செல்லுங்கள்; ஆனால் மலைக்குப் போகும் முன்பே பிள்ளைகள் ஊர் ஆற்றைக் குறைந்தது மூன்று முறையாவது அளந்து பழகியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு அவர்கள் மனத்தில் ஓடை தங்காததற்குக் காரணம், அதை எதோடு ஒப்பிடுவது என்பது அவர்களிடம் இல்லாததே என்று எண்ணுகிறேன்.

முதலில் ஆற்றின் முழு வழியையும் வரைபடத்தில் வரையச் செய்யுங்கள். சேர்வராயன் மலைத்தொடரில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே, சுகவனேசுவரர் கோயிலை ஒட்டிச் சென்று, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்துக்குள் புகுந்து காவிரியில் சேர்கிறது. அதே மலைத்தொடரிலிருந்து சரபங்கா ஓமலூர், எடப்பாடி வழியே சென்று அதுவும் காவிரியையே அடைகிறது. வசிஷ்ட நதியோ ஆத்தூர் வழியாகக் கிழக்கே ஓடி வெள்ளாற்றில் கலக்கிறது. மழைநீர் எந்தச் சரிவில் விழுந்தால் எந்த ஆற்றுக்குப் போகும் என்பதை ஒரு மாணவன் வரைபடத்தில் விரலால் தொட்டுக் காட்டிவிட்டான் என்றால் வடிநிலம் என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அடுத்து உயிரினங்கள். நீரின் வேதியியல் அளவீடு அந்த நொடியின் நிலையைச் சொல்லும். கல்லுக்கடியில் மாதக்கணக்கில் வாழும் பூச்சிகளோ கடந்த பல வாரங்களின் நிலையைச் சொல்லும். நேற்று இரவு யாரோ கழிவைத் திறந்துவிட்டு இன்று காலை நீர் தெளிந்திருந்தாலும் செத்துப்போன பூச்சிகள் காலைக்குள் திரும்பி வந்துவிடா. இதனால்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அடிநில உயிரினங்களைக் கொண்டு நீரின் தரத்தை மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது.

மலை ஓடையில் செய்ய வேண்டியது எளிது. ஒரு மீட்டர் அகலமுள்ள கொசுவலைத் துணியை இரண்டு கம்புகளில் கட்டி, நீரோட்டத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, அதற்கு மேற்புறம் உள்ள கற்களை ஒருவர் காலால் மெல்லப் புரட்டிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் பூச்சிகள் வலையில் வந்து தங்கும். அவற்றை வெள்ளை நிறத் தட்டில் சிறிது நீரோடு விட்டுப் பாருங்கள். வாலில் மூன்று இழைகளும் வயிற்றின் இருபுறமும் இறகு போன்ற செவுள்களும் அசைந்துகொண்டிருந்தால் அது மேஃபிளை என்னும் பூச்சியின் இளநிலை. சிறகு முளைத்த பின் ஓரிரு நாட்களே வாழும் பூச்சி அது. இரண்டே வால் இழைகள் கொண்டு, ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகங்கள் இருந்தால் அது ஸ்டோன்ஃபிளை. மணல் துகள்களையோ இலைத் துணுக்குகளையோ பட்டுநூலால் ஒட்டித் தனக்கென ஒரு கூடு கட்டிக்கொண்டு அதைச் சுமந்து திரிவது கேடிஸ்ஃபிளை. இந்த மூன்று குழுக்களும் ஆக்சிஜன் நிறைந்த நீரையே நாடுபவை. மாசு ஏற ஏற முதலில் மறைபவையும் இவையே. தட்டான்களின் இளநிலைகள் இவற்றைவிட ஓரளவு தாங்கும்.

இனி உங்கள் பாலத்தடிக்கு வாருங்கள். அங்கு வலை போட வேண்டாம், யாரும் நீரில் இறங்கவும் வேண்டாம். கயிறு கட்டிய சிறு வாளியால் சேறும் நீரும் கலந்து கொஞ்சம் எடுத்து, கையுறை அணிந்த நீங்களே தட்டில் ஊற்றிக் காட்டுங்கள். பெரும்பாலும் சிவப்பு நிறப் புழுக்கள் நெளியும். வண்ணமீன் கடைகளில் மீனுக்கு உணவாக விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவும், கொசுவைப் போலத் தோன்றினாலும் கடிக்காத ஒரு வகை ஈயின் இளநிலையும்தான் அவை. அவற்றின் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின். ஆக்சிஜன் அரிதான சேற்றில் கிடைக்கும் கொஞ்சத்தையும் பற்றிக்கொள்ள அது உதவுகிறது. நீண்ட வால் போன்ற குழாயை நீர்ப்பரப்புக்கு மேல் நீட்டி மூச்சுவிடும் புழு ஒன்றும் கிடைக்கக்கூடும். அது நீரில் உள்ள ஆக்சிஜனை நம்பாமல் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சுவாசம் பற்றிய பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் காட்சியை என் பணிக்காலத்தில் எந்த ஆய்வகத்திலும் நான் கண்டதில்லை.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எண்ணி முடித்ததும் மலை ஓடையின் பூச்சிகளை எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிட வேண்டும். புரட்டிய கல்லை முன்பிருந்தபடியே வைக்க வேண்டும். புட்டியில் அடைத்துப் பள்ளிக்குக் கொண்டுவரும் பழைய வழக்கம் வேண்டாம்.

பதில் 2: ஏற்காட்டில் பணியாற்றும் ஆசிரியர்

பேராசிரியர் ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். மலைமேல் பல ஆண்டுகளாகக் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். மலை தூய்மை, நகரம் அழுக்கு என்ற முடிவை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு பிள்ளைகளை இங்கு அழைத்து வராதீர்கள். ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் கிளியூர் அருவியாக விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஏரியைச் சுற்றி விடுதிகளும் கடைகளும் எவ்வளவு பெருகியிருக்கின்றன என்பதையும் பார்த்திருப்பீர்கள். அந்த நீரைத் தூய்மையின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் ஒப்பீடே தவறிவிடும். குடியிருப்புக்கு மேலே, காட்டை ஒட்டி வரும் சிறு ஓடை ஒன்றையே தேர்ந்தெடுங்கள். முடிந்தால் அதே ஓடையைக் குடியிருப்புக்குக் கீழேயும் ஒருமுறை அளந்து பாருங்கள். அரை கிலோமீட்டருக்குள்ளேயே வேறுபாடு தெரிந்தால், உங்கள் மாணவியின் கேள்விக்குப் பாதி விடை மலைமேலேயே கிடைத்துவிடும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1820ஆம் ஆண்டையொட்டி காக்பர்ன் என்ற மாவட்ட ஆட்சியர் இங்கு காப்பியை அறிமுகப்படுத்திய நாள் முதல் இது தோட்டங்களின் மலை. கார்த்திகை தொடங்கிப் பழம் பறிக்கும் பருவத்தில், பழத்தின் தோலையும் சதையையும் நீக்கிக் கொட்டையைக் கழுவும் நீர் ஓடையில் கலந்தால், அதில் உள்ள சர்க்கரைப் பொருள்களை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி ஆக்சிஜனை மளமளவென்று தீர்த்துவிடும். சாயமோ வேதிப்பொருளோ எதுவும் இல்லாமல், பழச்சாறு மட்டுமே ஓர் ஓடையைத் திணறடிக்க முடியும் என்பது பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். மாசு என்றால் நஞ்சு மட்டுமே என்ற எண்ணமும் அதனால் மாறும்.

பேராசிரியர் தொடாத ஒரு பகுதி பாறைகள். அறிவியல் என்றால் உயிரியலும் வேதியியலும் மட்டுமே என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். சேலத்துப் பிள்ளைகளுக்கு நிலவியலைப் போலப் பொருத்தமான பாடம் வேறொன்று இல்லை. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடினமான, கருநீல நிறப் பாறையால் ஆனது. மலையுச்சிப் பகுதிகளில் அதே பாறை நெடுங்காலம் மழையிலும் வெயிலிலும் சிதைந்து, அலுமினியத் தாதுவான பாக்சைட்டாக மாறியிருக்கிறது. மலையடிவாரத்தில், நகரின் வடக்கே, நாம் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மாக்னசைட் நரம்புகள் ஓடுகின்றன. மேற்கே கஞ்சமலையில் காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்புத் தாதுவான மேக்னடைட் இருக்கிறது.

இவை அனைத்தும் நீரோடு தொடர்புடையவை. கஞ்சமலையிலிருந்து இறங்கும் ஓடைகளின் மணலை ஒரு தாளில் பரப்பி, தாளுக்கடியில் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை நகர்த்தினால், கறுப்புத் துகள்கள் எழுந்து நின்று காந்தத்தின் பின்னே ஓடும். எங்கள் மாணவர்கள் இதை மணிக்கணக்கில் செய்வார்கள். வெள்ளைக்கல் துண்டு ஒன்றின் மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டால் உடனே நுரைக்காது. அதையே பொடித்துச் சற்றுச் சூடான அமிலத்தில் இட்டால் நுரைக்கும். சுண்ணாம்புக்கல்லோ குளிர்ந்த அமிலத்திலேயே சீறும். அமிலத்தை ஆசிரியரே கையாள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மெக்னீசியமும் கால்சியமும் நீரைக் கடினநீராக்கும் என்று பாடத்தில் படித்தவர்கள், மலை ஓடை நீர், மலையடிவாரக் கிணற்று நீர், பள்ளிக் குழாய் நீர் ஆகிய மூன்றையும் ஒரே அளவு எடுத்து, சோப்புக் கரைசலைத் துளித் துளியாக விட்டுக் குலுக்கி, நிலையான நுரை வர எத்தனை துளி ஆகிறது என்று எண்ணலாம். பாறையைத் தொட்டு வந்த நீர் அந்தப் பாறையையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

நீரின் அளவையும் அளந்துவிடுங்கள். இதற்கு ஓர் எலுமிச்சம்பழம் போதும். அதன் பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்தே மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. நேராக ஓடும் 10 மீட்டர் நீளத்தை அளந்து கயிறு கட்டி, பழம் அதைக் கடக்கும் நேரத்தை மூன்று முறை குறித்துச் சராசரி காண வேண்டும். 25 நொடியில் கடந்தால் மேற்பரப்பின் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அடிப்பகுதியில் கற்கள் உரசி நீரின் வேகம் குறைவதால் இதை 0.8 ஆல் பெருக்க 0.32 கிடைக்கும். ஓடையின் அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 20 சென்டிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.4 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 0.128 கன மீட்டர், அதாவது 128 லிட்டர். ஒரு நொடியில் ஓடும் நீர் ஏறத்தாழ எட்டுக் குடம் என்று சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்கலாம்.

வருவதற்கு முன் சிலவற்றைச் செய்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் செல்வதாக இருந்தால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். கிளியூர் அருவியின் அடிவாரத்துக்கு நாற்பது பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம். இறக்கம் செங்குத்தானது, பாறை வழுக்கும். காட்டெருமைகள் தோட்டங்களுக்குள்ளும் வருவதால் அதிகாலையிலும் மாலையிலும் ஓடைப்பக்கம் இருக்கக்கூடாது. மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும் என்பதால், நண்பகலுக்குள் வேலையை முடித்துக்கொண்டு கரையேறிவிடுங்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், தெளிந்த நீர் திடீரென்று கலங்கி, சருகுகள் மிதந்து வரத் தொடங்கினால், மேலே எங்கோ மழை கொட்டியிருக்கிறது என்று பொருள். அந்த நொடியே கரையேற வேண்டும் என்று பிள்ளைகளுக்கு முன்னதாகவே பழக்கிவையுங்கள்.

பதில் 3: கிராம சுகாதாரச் செவிலியர், ஒன்பதாம் வகுப்பு மாணவனின் தாய்

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் பணி செய்பவள் என்பதாலும், அதே கரையில் வளரும் ஒரு பையனின் தாய் என்பதாலும் எழுதுகிறேன்.

கறுத்த ஆற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலத்தின் மேலும் கரை மேலும் நிற்கலாம்; நீரையும் சேற்றையும் தொடக்கூடாது. இதில் தளர்வே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் போய்விடும். வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் கை வழியாக வாய்க்குப் போகின்றன. ஆகவே அடைத்த காலணி இல்லாத பிள்ளையைக் கரைக்கு அழைத்து வர வேண்டாம். காலிலோ கையிலோ புண் இருக்கும் பிள்ளை அன்று பாலத்தில் நின்று குறிப்பெடுக்கட்டும். அங்கே எதையும் தின்னக் கொடுக்காதீர்கள். பள்ளிக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டு எல்லோரும் கை கழுவிய பின்பே தண்ணீர் குடிக்க விடுங்கள். பெற்றோரிடம் எழுத்தில் இசைவு வாங்கும்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் அதிலேயே விளக்கி எழுதினால் எங்களுக்கு அச்சம் குறையும்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் சாயப்பட்டறையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். ஆற்றோரத்து வீடுகளில், கழிவுநீர்க் குழாய் ஆற்றிலேயே போய் விழும் வீடுகளில் வாழும் பிள்ளைகளும் இருப்பார்கள். ஆற்றைக் கெடுத்தது யார் என்று வகுப்பில் கேட்டால் அந்தப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். சாக்கடை இணைப்புக் கொடுக்கப்படாத தெருவில் குடியிருப்பது அவர்கள் செய்த குற்றம் இல்லை. கூலிக்குப் போகும் அப்பாவுக்குக் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டும் அதிகாரமும் இல்லை. கெடுத்தது யார் என்று கேட்பதைவிட, என்ன கலக்கிறது, எங்கே கலக்கிறது, எப்படித் தடுக்கலாம் என்று கேளுங்கள். பட்டறையில் வேலை செய்யும் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, சாயம் எப்படி ஏற்றப்படுகிறது, அதற்கு ஏன் இவ்வளவு நீரும் உப்பும் தேவைப்படுகின்றன என்று விளக்கச் சொன்னால், அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து உட்காரும்.

பதில் 4: நீர்ப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றியவர்

கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்கும் வழியை மட்டும் சொல்கிறேன். உங்கள் கேள்வியின் மையம் அதுதான்.

விங்க்லர் முறையில், நீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் புட்டியில் நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் காரத்தில் கலந்த அயோடைடையும் சேர்த்தால் ஒரு வீழ்படிவு உண்டாகும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு நிறமாக இருக்கும். சிறிதும் இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அடுத்து அமிலம் சேர்த்துத் தயோசல்பேட்டால் தரம்பார்த்தல் செய்து துல்லியமான அளவைக் காணலாம். அந்தப் பகுதியை நீங்களோ அருகிலுள்ள கல்லூரியின் வேதியியல் துறையோ செய்யட்டும். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிறங்களே போதும். மலை ஓடையின் புட்டியையும் பாலத்தடிப் புட்டியையும் அருகருகே வைத்தால் அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

இன்னும் எளிதானது மெத்திலீன் நீலம். ஒரே அளவுள்ள கண்ணாடிப் புட்டிகளில் வெவ்வேறு இடத்து நீரை விளிம்பு வரை நிரப்பி, சில துளி மெத்திலீன் நீலம் சேர்த்து, இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டால் நீல நிறம் மறையும். கழிவு மிகுந்த நீரில் விரைவில் மறையும், தூய நீரில் நாட்கணக்கில் நிற்கும். தினமும் காலையில் ஒரு மாணவர் அலமாரியைத் திறந்து பார்த்து நேரம் குறித்தால் போதும். உயிரிய ஆக்சிஜன் தேவை என்று நாங்கள் 27 பாகை வெப்பநிலையில் 3 நாள் வைத்து அளப்பதன் உட்பொருளும் இதுவே.

இங்கு ஓர் ஐயம் எழும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரையும் என்று பாடத்தில் இருக்கிறது. எனவே மலை ஓடையில் ஆக்சிஜன் கூடுதலாக இருப்பதற்குக் குளிர்தான் காரணம் என்று ஒரு கெட்டிக்கார மாணவர் வாதிடலாம். அந்த வாதத்தை வரவேற்றுக் கணக்குப் போடச் சொல்லுங்கள். கடல்மட்டத்தில் 20 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 9.1 மில்லிகிராமும், 30 பாகையில் 7.6 மில்லிகிராமும் கரையும். ஆனால் ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு காற்றழுத்தம் குறைவு; 20 பாகை நீரிலும் ஏறத்தாழ 7.6 மில்லிகிராம்தான் கரைய முடியும். சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால் 30 பாகை நீரில் 7.3 வரை கரையலாம். ஆக, குளிரால் மலைக்குக் கிடைக்கும் நன்மையை உயரம் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டு இடங்களிலும் இருக்கக்கூடிய அளவு கிட்டத்தட்ட ஒன்றே. ஊர் ஆற்றில் ஒன்றோ இரண்டோ மில்லிகிராம்தான் இருக்கிறது என்றால், வெப்பநிலையின் மீது பழியைப் போட முடியாது. குளிப்பதற்கு உரிய நீரில் குறைந்தது 5, மீன் வாழ்வதற்கு 4 மில்லிகிராம் வேண்டும் என்பது மத்திய வாரியத்தின் வரையறை. அதோடும் ஒப்பிடச் செய்யுங்கள். அதே வாரியம் 2018-இல் வெளியிட்ட 351 மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் நம் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிஷ்ட நதி மூன்றும் இடம்பெற்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு புட்டி நீரை வைத்து எவர் மீதும் குற்றம் சாட்ட இயலாது என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். பாசி மிகுந்த நீரில் பகலில் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் ஏறும், விடியற்காலையில் இறங்கும். சாயத்தின் நிறம் மணிக்கு மணி மாறும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் எடுத்து, தேதி, மணி, வெப்பநிலை, முந்தைய நாள் மழை ஆகியவற்றைத் தவறாமல் குறித்துவையுங்கள். குறிப்பு இல்லாத அளவீட்டை எங்கள் கூடத்தில் நாங்கள் ஏற்றுக்கொண்டதே இல்லை.

கேட்டவரின் மறுமொழி

நேரம் ஒதுக்கி இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆற்றைக் கெடுப்பது யார் என்ற கேள்வியையே என் பாடக்குறிப்பில் முதல் வரியாக எழுதி வைத்திருந்தேன், அதை அடித்துவிட்டேன். என் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் தந்தையர் பட்டறைத் தொழிலாளர்கள். அவர்களுள் ஒருவரை அழைத்துப் பேசச் சொல்வது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஆடி முதல் ஐப்பசி வரை மாதம் ஒருமுறை பாலத்துக்கு நடந்து செல்வோம். காலை ஒன்பதரை மணிக்கு, பாலத்தின் மூன்றாவது தூண் அருகே, கயிறு கட்டிய வாளியால் நானே நீர் எடுப்பேன். வெப்பநிலை, பி.எச். தாள், நிறம், மணம், மெத்திலீன் நீலம், வாளிச் சேற்றில் உள்ள புழுக்கள் ஆகியவற்றை மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். ஏற்காட்டுப் பயணத்தை மழைக்காலம் முடிந்த பிறகு மார்கழியில் வைத்துக்கொள்கிறேன். அது காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால், தோட்டத்துக்கு மேலும் கீழும் ஓடையை அளந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும். கிடைத்த அளவீடுகளை ஒழுங்குபடுத்தி, தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஆய்வுத் திட்டமாக அனுப்பலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். அது நடந்தாலும் நடக்காவிட்டாலும், அந்த மாணவியிடம்தான் பதிவேட்டை ஒப்படைக்கப் போகிறேன்.

ஒரே ஓர் உதவி தேவைப்படுகிறது. விங்க்லர் முறைக்கு உரிய 300 மில்லிலிட்டர் கண்ணாடிப் புட்டிகள் எங்கள் பள்ளியில் இல்லை. வாங்குவதற்கும் இப்போது வழியில்லை. சேலத்தில் யாரிடமாவது இரவலாகக் கிடைக்குமா?

பதில் 5: ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியர்

என்னிடம் மூடியோடு கூடிய ஆறு புட்டிகள் இருக்கின்றன. இரண்டின் விளிம்பில் சிறு கீறல் உள்ளது. அவற்றை மெத்திலீன் நீலத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், காற்று புகுந்துவிடும். மற்ற நான்கும் நன்றாக இருக்கின்றன. இந்தக் குழுவின் தனிச்செய்தியில் உங்கள் பள்ளியின் பெயரைத் தெரிவியுங்கள். சனிக்கிழமை காலை நானே கொண்டுவந்து தருகிறேன். முதல் நாள் பாலத்துக்குப் போகும்போது உடன் வருவதற்கும் அனுமதி அளித்தால் மகிழ்வேன்.